கண்ணாடி எண்காலி

தொண்ணூறுகளின் நடுவில் நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு மோட்டார்களின் குதிரைத்திறனைத் தட்டச்சு செய்துகொண்டிருந்ததில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அதே கம்பெனியில் அப்பா லேத்தில் டர்னர். காலையில் இருவரும் ஒரே சைக்கிளில்தான் போவோம். கேட்டுக்கு நூறடி முன்பே என்னை இறக்கிவிட்டுவிடுவார். ஆபீஸில் வேலை பார்க்கிற பெண் சைக்கிள் கேரியரில் வந்து இறங்குவது அவ்வளவு மரியாதை இல்லை என்பது அவருடைய எண்ணம்.

ஆடி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னால் முதலாளியின் மனைவி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கம்பெனியில் அவருக்கென்று ஓர் அறை உண்டு. வேலை என்று எதுவும் கிடையாது. அதனால் அவருக்கு யோசனைகள் நிறைய வரும்.

"நீ தமிழ் படிச்சவதான அம்மணி? சர்ரியலிசம்னா தமிழ்ல என்ன?"

அந்த அறையில் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை. "பாத்துச் சொல்றேனுங்க" என்றேன்.

"பாரு. பம்பாய்ல எங்க அக்கா ஊட்டுப் பக்கத்துல ஒரு சிற்பி இருக்கறாரு. எல்லாமே கண்ணாடிலதான் செய்யறாரு. அதுக்குப் பேரு சர்ரியலிசமாம். பாத்தா கெனாக் கண்டு பாதில முழிச்சாப்பல இருக்குது. நம்மூருக்கு வரச் சொல்லிப்போட்டேன். இங்க எல்லாரும் இரும்பையே பாத்துட்டுக் கெடக்கறாங்க. ஒரு வாரம் கண்ணாடியப் பாக்கட்டும்."

இடத்துக்குக் கவலை இல்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் முதலாளி குடும்பத்துக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. ஆடியில் யார் கல்யாணம் வைக்கப்போகிறார்கள்? கூட நின்று விளக்கம் சொல்ல ஆள் வேண்டும் என்று என்னை ஒரு வாரத்துக்கு ஆபீஸிலிருந்து விடுவித்தார்கள். விளம்பர நோட்டீஸும் நான்தான் எழுதவேண்டும்.

இரண்டு நாள் யோசித்து, "கனவு வெளி: கண்ணாடிச் சிற்பக் கண்காட்சி. கண்டு களிக்க வாரீர்" என்று எழுதிக் கொடுத்தேன். கனவு வெளி சினிமாப் பெயர் மாதிரி இருக்கிறது என்று முதலாளியம்மா அதை அடித்துவிட்டார். மிச்சத்தை அச்சகத்தார் பார்த்துக்கொண்டார்கள். பெரிய எழுத்தில் போட்டால் ஒரே வரியில் இடம் போதவில்லை என்று "சிற்ப" என்பதை எடுத்துவிட்டார்கள். "கண்டு களிக்க" என்பது அவர்களுக்கு என்னவோ போலிருந்திருக்கிறது. வழக்கமாக முகாம் நோட்டீஸ்களுக்குப் போடுகிற வாசகத்தைப் போட்டு முடித்துவிட்டார்கள். ஐயாயிரம் நோட்டீஸ் வந்து இறங்கியபோது அதில் இப்படி இருந்தது:

"மாபெரும் கண்ணாடிக் கண்காட்சி. அனுமதி இலவசம். ஒரு வாரம் மட்டும். அனைவரும் வந்து பயன்பெறுவீர்."

அதைப் படித்தபோது எனக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. சுருக்கமாக இருக்கிறதே என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

சிற்பி ஒரு லாரியின் முன்சீட்டில் வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, கசங்கிய கதர் சட்டை, ரப்பர் செருப்பு. கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி மார்பில் தொங்கியது. பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் பூர்வீகம் பாலக்காடு. மலையாளம் கலந்த ஒரு தமிழ் பேசினார். ஆடிக்காற்று மண்டபத்து ஜன்னல்களை அறைந்துகொண்டிருந்தது. "எங்க ஊர்க் காத்தாக்கும். நான் வந்தது தெரிஞ்சு வந்திருக்கு" என்றார். அன்று முழுக்க ஜன்னல்களைக் கயிறு போட்டுக் கட்டுவதே எங்கள் வேலையாக இருந்தது.

வைக்கோலை விலக்கி விலக்கி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். மொத்தம் இருபத்திரண்டு. குடை ஒன்று இருந்தது. மழை அதற்கு உள்பக்கத்தில் பெய்துகொண்டிருந்தது, கண்ணாடி இழைகளாக. முழ உயரக் காது ஒன்று, அதில் கதவும் தாழ்ப்பாளும். மூக்கு தன் வாய்க்குள்ளேயே திரும்பிய ஒரு கெண்டி. முழுக்க ஊசிகளால் ஆன ஒரு தலையணை. பந்தி மேசைகளின் மேல் வெள்ளைத் துணி விரித்து எல்லாவற்றையும் வைத்தோம். மேசையில் வைக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அதை மணவறை மேடைக்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்தார்கள்.

அது ஒரு நாற்காலி. கனமான, கட்டிக் கண்ணாடியில் செய்தது. முன்னால் இரண்டு கால்கள், நடுவில் ஒரே வரிசையில் நான்கு, பின்னால் இரண்டு. ஒரு கால் ஆட்டுக்கால், குளம்போடு. ஒன்று மெட்டி போட்ட பெண்ணின் கால். ஒன்று கொக்குக் கால். ஒன்று ஷூ போட்டிருந்தது.

"இதுக்குப் பேர் என்னங்க?" என்று கேட்டேன். தமிழில் பெயர் அட்டை அடிப்பது என் பொறுப்பு.

"நாற்காலி."

"நாற்காலின்னா நாலு கால் இருக்கோணுங்க. இதுல எட்டு இருக்குதுங்களே. எண்காலின்னு வேணா போடலாமுங்க."

அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். "எண்காலி! எண்காலி!" என்று மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப்போய்விட்டது. நான் படித்த தமிழுக்கு அதுவரை யாரும் கைகுலுக்கியதில்லை.

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. "இதெல்லாம் எதுக்குன்னு யாராவது கேட்டா, ஒண்ணுக்கும் இல்லைன்னு சொல்லணும். தெரியாமக்கூட ஒரு உபயோகம் வந்துடக்கூடாது. வந்தா அது என்னோடது இல்லை." முதலாளியம்மா பக்கத்தில் நின்று பயபக்தியோடு தலையாட்டினார். இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்காக, "உட்காரக் கூடாது" என்று ஓர் அட்டை டைப் அடித்து எண்காலியின் முதுகில் ஒட்டச் சொன்னார். சிற்பி அதைப் பார்த்துச் சிரித்தார். "எட்டுக் கால் இருக்கறதுல யார் உக்காருவா?"

முதல் நாள் காலை நான் போனபோது மண்டபத்து வாசலில் எழுபது எண்பது பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். காரமடைப் பக்கமிருந்து ஒரு வேன் பிடித்தே வந்திருந்தார்கள். சிலர் கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். கல்யாண மண்டபத்து வாட்ச்மேனுக்கு மக்கள் கூட்டத்தைக் கண்டால் பழக்கதோஷம். ஒவ்வொருவரிடமும் "பொண்ணு ஊடுங்களா, மாப்பிள்ளை ஊடுங்களா?" என்று கேட்டு இரண்டு வரிசையாகப் பிரித்திருந்தார்.

ஓர் அம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"ஏனுங் அம்மணி, டாக்டர் வந்துட்டாருங்களா? மொதல்ல எந்தக் கண்ணப் பாப்பாரு?"

எனக்கு அப்போதுதான் தலையில் இடி இறங்கியது. கண்ணாடி. இலவசம். பயன்பெறுவீர். அவர்கள் அத்தனை பேரும் இலவச மூக்குக்கண்ணாடிக்கு வந்திருந்தார்கள்.

உள்ளே ஓடிப்போய் முதலாளியம்மாவிடம் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "எல்லாரையும் தாட்டி உட்டுரு" என்றார். சிற்பிதான் தடுத்தார்.

"கண் சரியாத் தெரியாதவா இத்தனை பேர் என்னோட கண்காட்சிக்கு வந்திருக்கா. நான் பம்பாய்ல இருபது வருஷம் காத்திருந்தேன், இப்படி ஒருத்தர்கூட வரலை. உள்ள விடுங்க."

விட்டோம். அவர்கள் வரிசையாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்று, ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பார்த்தார்கள். இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒன்றுக்கும் இல்லை என்று சொன்னேன். "அப்படீங்களா, செரீங்க" என்று அடுத்ததற்குப் போனார்கள். குடைக்குள் பெய்யும் மழையின் முன்னால் ஒரு பெரியவர் ரொம்ப நேரம் நின்றார்.

"மசமசன்னு தெரியுதுங்க" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சது. அதனாலதான் செஞ்சேன்" என்றார் சிற்பி.

இருவரும் சொந்தக்காரர்கள் மாதிரி தலையாட்டிக்கொண்டார்கள். போகும்போது அந்தப் பெரியவர் என்னிடம், "டாக்டர் தங்கமான மனுஷனுங்க. கண்ணாடி எப்பக் குடுப்பாங்க?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். மூன்று நாளில் அந்த நோட்டு பாதி நிரம்பிவிட்டது. கடைசியில் முதலாளியம்மா வெட்கப்பட்டுப்போய் நிஜமாகவே ஒரு கண் டாக்டரைக் கூட்டிவந்து ஆவணியில் முகாம் நடத்தினார். அது நல்ல விதமாகவே நடந்தது.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கல்யாண மண்டபத்துக்குப் போவதால் அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்திருந்தார். அப்பா சலவைச் சட்டை போட்டிருந்தார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முப்பது வருஷம் லேத்தில் நின்றவர். கடைந்த இரும்பைக் கட்டைவிரலால் தடவியே முடிக் கனம் பிசகு இருந்தாலும் சொல்லிவிடுவார். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்கள்கூட அளவுகோலை வைத்துவிட்டு அவர் விரலைத்தான் கேட்பார்கள். கொஞ்ச நாளாக வீட்டில் பேப்பரை என்னிடம் நீட்டி, "வாசிச்சுச் சொல்லு கண்ணு, நீ வாசிச்சாத்தான் நல்லா இருக்குது" என்பார். நான் என் உச்சரிப்புக்காக என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சிற்பி அம்மாவின் வாழைப்பழத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு அவருக்கு அந்தக் கண்ணாடிக் காதைக் காட்டப் போனார். அப்பா தனியாக ஒரு சுற்றுச் சுற்றினார். குடை, கெண்டி, தலையணை எல்லாவற்றையும் தூர நின்று "ம்ம்" என்று பார்த்தார். பிறகு மேடைப்பக்கம் வந்தார். வேட்டியை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எண்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வாட்ச்மேன் விசில் ஊதினார். முதலாளியம்மா "அய்யோ" என்றது மண்டபத்தின் கடைசி வரை கேட்டது. பார்க்க வந்திருந்த முப்பது நாற்பது பேரும் அப்படியே நின்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். உடைகிற சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, எல்லோரும் ஏன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

சிற்பி மெல்ல அவரருகில் வந்தார். கோபமாக இருப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் பயம் இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு அதற்குள் ஏதோ தப்பு நடந்துவிட்டது புரிந்திருந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒருவருடைய பொருளில் உட்கார்ந்துகொண்டு அதைக் குறை சொல்வது வழக்கம் இல்லை.

"ரொம்ப சௌரியமா இருக்குதுங்க" என்றார்.

"உண்மையைச் சொல்லுங்க. எங்கயாவது குத்தறதா?"

"இல்லீங்க. முதுகுக்கு நல்ல எணக்கமா இருக்குதுங்க."

"வழுக்கறதா?"

"ஒரு சொட்டு வழுக்கலீங்க. குளுகுளுன்னு இருக்குதுங்க. இப்படி ஒரு சேர்ல நான் உக்காந்ததே இல்லீங்க."

மரியாதை கூடக்கூடச் சிற்பியின் முகம் வாடிக்கொண்டே போனது. கடைசியில் அப்பாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து பார்த்தார். சாய்ந்தார். காலை நீட்டினார். எழுந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"மூணு வருஷம் பாடுபட்டு ஒரு நாற்காலி செஞ்சு வெச்சிருக்கேன். இது கடையிலேயே கிடைக்குமே!"

"அவரு தெரியாம உக்காந்துட்டாருங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்று முதலாளியம்மா சமாதானம் சொன்னார்.

"அவர் பேரில் தப்பே இல்லை. என் பேரில்தான் தப்பு." ஒரு நோட்டீஸை எடுத்து அதன் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். தமிழில் மொழிபெயர்த்து ஒட்டச் சொன்னார். "இந்தப் பொருள் ஒரு நாற்காலி. இதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை."

"எண்காலின்னு போடட்டுங்களா?"

"கூடாது. உக்கார முடிஞ்சா அது நாற்காலிதான்."

"கால் எட்டு இருக்குதுங்களே!"

"இருந்துட்டுப் போகட்டும்."

அன்று மாலை அப்பா அம்மாவோடு நானும் பஸ்ஸுக்கு நின்றேன். அப்பாவே ஆரம்பித்தார். "எட்டுக்கால்ல எடை பிரிஞ்சு எறங்கும் கண்ணு. கணக்குப் போட்டுத்தான் உக்காந்தேன். ஒண்ணும் ஆவாதுன்னு தெரியும்."

என் கைப்பையில், எண்காலியிலிருந்து பிய்த்தெடுத்த அந்த "உட்காரக் கூடாது" அட்டை இருந்தது. எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதை முகத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கையை முழுக்க நீட்டினார். அதற்கு மேல் நீட்ட முடியவில்லை.

"கை பத்தலை கண்ணு" என்றார்.

அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. ஒரு வருஷமாக எல்லா வேலையையும் விரலாலேயே செய்துகொண்டிருக்கிறார் அப்பா. ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை. கண்ணாடி போட்டால் ஃபோர்மேன் பார்ப்பார், கண் போச்சு என்று லேத்திலிருந்து எடுத்துப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார் என்று பயம். "பேக்கிங்ல போயி வைக்கப்புல்லு திணிச்சுட்டு நிக்கச் சொல்றியா?" என்றார். அந்த அட்டையைக் டைப் அடிக்காமல் கையால் பெரிய எழுத்தில் எழுதியிருக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

நாற்காலியை அதே மண்டபத்தில் வைத்திருக்கச் சிற்பி சம்மதிக்கவில்லை. மற்றவற்றுக்கும் தொற்றிக்கொள்ளும் என்றார். முதலாளியம்மா வீட்டில் வைக்கலாமென்றால் முதலாளி முடியாது என்றார். காலை எழுந்ததும் எட்டுக் காலைப் பார்க்க அவரால் ஆகாது. யார் உட்கார்ந்தாரோ அவர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாகி, திங்கட்கிழமை கம்பெனி டெம்போவில் வைக்கோல் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் வீடு முன்னறை ஒன்று, சமையலறை ஒன்று. முன்னறையில் பாதி இடத்தை நாற்காலி எடுத்துக்கொண்டது. தெருவே வந்து பார்த்தது. அம்மாவுக்கு ஒரே ஒரு கவலைதான்.

"இதுல உக்காந்தா அக்கட்ட இருந்து பாக்கறவங்களுக்கு எல்லாம் தெரியுமேங்க. வெக்கக்கேடு!" என்று பழைய சேலை ஒன்றை மடித்து அதன்மேல் போர்த்தினார். கண்ணாடியாக இருப்பதில்தான் அதன் விசேஷமே என்று நான் சொன்னதற்கு, "உன்ற விசேஷத்தக் கொண்டுபோயி ஆபீஸ்ல வெச்சுக்கோ" என்றார். அவர் அதில் உட்காரவே இல்லை. ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களையும் உட்கார விடவில்லை.

புதன்கிழமை மதியம் சிற்பி எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்றார். அந்த வாரம் அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்ட், வீட்டில்தான் இருந்தார். அம்மா அரிசிம்பருப்புச் சாதம் செய்து நெய் ஊற்றிப் போட்டார். சிற்பி நாற்காலியில் உட்காராமல் அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். இரவெல்லாம் தூக்கமே இல்லை என்றார்.

அப்பாவுக்கு மனம் தாங்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? இது உக்கார்றதுக்கு லாயக்கு இல்லாம இருக்கோணும். அவ்வளவுதானுங்க?"

"அவ்வளவுதான்."

"சாணைக்கல்லுல காலத் தேச்சு உட்டுட்டா ஆடும். ஆடுற சேர்ல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க. திரும்ப மண்டபத்துக்கே கொண்டு போயிரலாமுங்க."

சிற்பி பாதி எழுந்துவிட்டார். "எந்தக் கால்?"

"ஒரு காலத் தேச்சா ஆடாதுங்க. எட்டுல ஏழு தாங்கிக்கும். முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு தேய்க்கோணும். நடுவுல இருக்கற நாலுமட்டும் தரையத் தொடோணும்."

அந்தக் கணக்கைக் கேட்டுச் சிற்பி அப்பாவைக் கட்டிக்கொண்டார். நாலு பேருமாக நாற்காலியை வீட்டுக்குப் பின்னாலிருந்த பொடக்காளிக்குத் தூக்கிப்போய், சாக்கு விரித்துக் கவிழ்த்துப் படுக்கவைத்தோம். எட்டுக் கால்களும் வானத்தைப் பார்த்து நின்றன. பக்கத்து வீட்டுக் கோழிகள் அதைக் கண்டு அலறியடித்துக்கொண்டு ஓடின.

சிற்பி எங்கே வரை தேய்க்கவேண்டும் என்று ஒவ்வொரு காலிலும் பென்சிலால் கோடு போட்டார். அப்பா சாணைக்கல்லையும் தண்ணீர்ச் சொம்பையும் எடுத்துக்கொண்டு குந்தினார். தலையை முன்னால் கொண்டுவந்தார். பின்னால் கொண்டுபோனார். கட்டைவிரலால் கோட்டைத் தேடினார். பென்சில் கோட்டை விரலால் எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் கோட்டைத் தாண்டித் தாண்டிப் போய் வந்தது.

சிற்பி பார்த்துக்கொண்டே இருந்தார். தன் கழுத்துக் கயிற்றைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியை எடுத்து அப்பாவின் மூக்கில் மாட்டிவிட்டார்.

அப்பா கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு குனிந்தார்.

"ஏனுங்க! சீட்டுக்கு உள்ளார முட்டை ஒண்ணு இருக்குதுங்க!"

"இருக்கு."

"மொதல்லருந்தே இருந்துச்சுங்களா?"

"மூணு வருஷமா இருக்கு."

நானும் அதுவரை அந்த முட்டையைப் பார்த்திருக்கவில்லை. சீட்டின் கனத்துக்குள், காற்றால் ஆன ஒரு முட்டை. ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய விரிசல். அப்பா அதைவிட்டு ஆட்டுக்காலுக்கு வந்தார், குளம்பின் பிளவைப் பார்த்தார். மெட்டியில் செதுக்கியிருந்த பூவைப் பார்த்தார். கொக்குக் காலின் செதில்களை ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி பார்த்தார். கடைசியாகத் தலையை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றக் காத்திருந்த அம்மாவைப் பார்த்தார்.

"நீ எப்ப இத்தன நரைச்சே?"

"போன தீவாளிக்கே" என்றார் அம்மா.

அதன் பிறகு வேலை ஒரு மணி நேரம் நடந்தது. அம்மா தண்ணீர் ஊற்ற ஊற்ற அப்பா தேய்த்தார். சிற்பி பக்கத்தில் குந்தி, கண்ணாடி இல்லாததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இன்னும் ஒரு முடி, இன்னும் ஒரு முடி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கோடு வந்ததும் நிறுத்தினார்.

நாற்காலியை நிமிர்த்தி வைத்தோம். அப்பா அதன் முதுகில் ஒரு விரலை வைத்துத் தள்ளினார். நாற்காலி முன்னால் சாய்ந்தது, பின்னால் சாய்ந்தது, மறுபடி முன்னால். தாளம் பிசகாமல் ஆடியது. சிற்பி குழந்தை மாதிரி கை தட்டினார். "போச்சு! இனி இது ஒண்ணுக்கும் ஆகாது!"

"இருங்க" என்றார் அம்மா.

மூன்று நாளாக அதைத் தொடாதவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மேலே பழைய சேலை போர்த்தியிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், நேராகப் போய் அதில் உட்கார்ந்தார். காலால் தரையை ஓர் உந்து உந்தினார். நாற்காலி அவரைச் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் போய்வந்தது.

"இதுதாங்க நல்லா இருக்குது. ஊஞ்சலாட்ட இருக்குது" என்றார்.

அப்பா சாணைக்கல்லைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தான் செய்த வேலை உருப்படியாக வந்துவிட்டதற்கு அவர் வெட்கப்பட்டதை அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

சிற்பி முதலில் தலையில் கைவைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. மெல்ல ஆரம்பித்து, நிற்க முடியாமல் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா கோபித்துக்கொண்டு, "எதுக்குங்க சிரிக்கறாங்க?" என்று என்னிடம் கேட்டார், ஆடுவதை நிறுத்தாமலே.

"அம்மா, நீங்களே வெச்சுக்குங்க. இதை என்னால ஜெயிக்க முடியாது" என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை மற்ற இருபத்தொன்றையும் வைக்கோல் சுற்றி லாரியில் ஏற்றினோம். எதுவும் உடையவில்லை. போகும்போது தன் மூக்குக்கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவர் மறுத்துவிட்டார். அவருக்குப் பம்பாய் போகிற வரை பார்க்க எதுவும் இல்லையாம். அப்பா அதைப் பத்து நாள் வீட்டில் மட்டும் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாள் கயிற்றோடு பட்டறைக்கே போட்டுக்கொண்டு போனார். ஃபோர்மேன் வந்து நின்று பார்த்தாராம். சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து மாட்டிக்கொண்டு, "நானும் எத்தன நாளைக்குத்தானுங்க ஒளிச்சு வெக்கறது" என்றாராம்.

எனக்குக் கல்யாணமாகிச் சரவணம்பட்டிக்குப் போன பிறகு, ஒரு முறை அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது பம்பாயிலிருந்து கடிதம் வந்தது. சிற்பி எல்லோரையும் நலம் விசாரித்திருந்தார். தன் படைப்புகளைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறார்களாம். அந்த எட்டுக்கால் சமாசாரம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இன்னும் அதில் யாராவது உட்காருகிறார்களா என்று கேட்டிருந்தார். ஒருவேளை காலப்போக்கில் அது பழுதாகியிருந்தால் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ள ஆசை என்றும் எழுதியிருந்தார்.

பதில் எழுத நான் பேனாவை எடுத்தேன். அம்மா நாற்காலியில் ஆடிக்கொண்டே சொல்லச்சொல்ல எழுதினேன்.

"எழுது கண்ணு. இங்க எல்லாரும் சௌக்கியம். உங்க சேரு சும்மாதானுங்க கெடக்குது. அதுல ஒருத்தரும் உக்கார்றதில்லீங்க. உக்காரவே முடியாதுங்க, இடுப்பே போயிருமுங்க. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்" என்றேன்.

"ஒண்ணுத்துக்கும் ஆவறதில்லைன்னு தனியா ஒருக்கா எழுது. மனுஷன் சந்தோஷப்படட்டும்."